யோசிக்கும் விதம்தான் மனச்சோர்வுக்குக் காரணமா?

கேள்வி: எனக்கு வயது 41. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கராக இருக்கிறேன். பத்தாம் வகுப்புத் தேர்வில் மகனின் மதிப்பெண் குறைந்ததிலிருந்து, மூன்று மாதங்களாக, அதிகாலை 3 மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. நான் நல்ல தாய் இல்லை, அலுவலகத்திலும் என்னை யாரும் மதிப்பதில்லை, இனி எதுவும் சரியாகாது என்றே மனம் சொல்கிறது. காலையில் கண் விழிக்காமலே போய்விட்டால் நல்லது என்றும் சில சமயம் தோன்றுகிறது. நீயே யோசித்து யோசித்து வரவழைத்துக்கொண்டது என்கிறார் கணவர். அது உண்மையா? மாத்திரை இல்லாமல் குணமாகுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: கண் விழிக்காமலே போய்விட்டால் நல்லது என்ற எண்ணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வில் பலருக்கும் வரும் எண்ணம்தான் அது என்றாலும், அதை மறைத்துவைக்காமல் கணவரிடமும் மருத்துவரிடமும் சொல்லியாக வேண்டும். அது உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமாக மாறினால் அன்றே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். 14416 என்ற ‘டெலி மானஸ்’ அரசு மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

சிந்திக்கும் விதத்துக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு உண்டு. அதனால் நோயை நீங்களே வரவழைத்துக்கொண்டீர்கள் என்று ஆகிவிடாது. பரம்பரைக் கூறு, இளமையில் நேர்ந்த இழப்புகள், உடல் நோய்கள், அண்மைக்காலச் சுமைகள் எனப் பல சேர்ந்தே மனச்சோர்வு உருவாகிறது. சிந்தனைப் போக்கு அவற்றுள் ஒன்று; அதுவே நோயின் விளைவாகவும் இருக்கிறது. மனம் தாழ்ந்திருக்கும்போது கசப்பான நினைவுகளே எளிதில் மேலெழுவதால், பழைய தோல்விகளெல்லாம் வந்து இன்றைய தாழ்வெண்ணத்துக்குச் சாட்சி சொல்கின்றன. அதைக் கேட்டு மனம் இன்னும் தாழ்கிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக், தன்மீதே திரும்பிய கோபம்தான் மனச்சோர்வு என்ற அக்காலக் கருத்தை உறுதிசெய்யும் நோக்கத்துடன் நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். ஆனால் அவற்றில் இழப்பும் தோல்வியுமே மிகுந்திருந்தன. விழித்திருக்கையில் அவர்கள் பேசியதிலும் தன்னைப் பற்றி, உலகைப் பற்றி, எதிர்காலத்தைப் பற்றி என மூன்றிலும் இருண்ட முடிவுகளே தெரிந்தன. உங்கள் கடிதத்திலும் அம்மூன்றும் அதே வரிசையில் உள்ளன. மதிப்பெண் குறைந்தது நிகழ்வு. ‘நான் நல்ல தாய் இல்லை’ என்பது மனம் அளித்த தீர்ப்பு. எந்தப் பாடத்தில் குறைந்தது, தேர்வு நேரத்தில் அவன் உடல்நிலை எப்படி இருந்தது, அவனே என்ன சொல்கிறான் என்ற விசாரணை எதுவும் நடக்காமலேயே தீர்ப்பு வந்துவிட்டது.

உங்களைப் பொறுத்தவரை இதைவிடவும் கவனிக்க வேண்டியது அசைபோடும் பழக்கம் என்று கருதுகிறேன். ஏன் எனக்கு இப்படி, நான் எங்கே தவறினேன் என்று ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருபவர்களுக்கு மனச்சோர்வு அதிகமாகவும் நீண்டும் இருப்பதை உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா தம் ஆய்வுகளில் காட்டினார். பிரச்சினைக்குத் தீர்வு தேடுவது போன்ற தோற்றத்தில் வருவதுதான் இதன் தந்திரம். பொறுப்புள்ளவர்களே இதில் எளிதாகச் சிக்குகிறார்கள். அரை மணி நேர யோசனைக்குப் பின் நாளை செய்ய வேண்டிய ஒரு வேலையாவது தாளில் எழுதும்படி கிடைத்ததா என்று பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் அது வெறும் அசைபோடல்; எழுந்து வேறு வேலையில் கையை வைப்பதே நல்லது. அதிகாலை விழிப்பும் காலைநேரக் கனமும் மனச்சோர்வின் அறிகுறிகளே ஆகையால், 3 மணிக்கு மனம் சொல்லும் எதையும் முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

‘நல்லதையே நினை’ என்ற அறிவுரையை நான் தருவதில்லை. அது முடியாதபோது இன்னொரு தோல்வியாகவே மனத்தில் பதியும். பெக் வகுத்த அறிவுசார் நடத்தைச் சிகிச்சையில், எழுந்த எண்ணத்தை எழுதி, அதற்கு ஆதரவாகவும் எதிராகவும் உள்ள சான்றுகளைப் பக்கத்தில் குறித்து, நியாயமான ஒரு முடிவுக்கு வரப் பழக்குகிறார்கள். பொதுவாக வாரம் ஒருமுறையாக 12 முதல் 20 அமர்வுகள் வரை தேவைப்படும். ஆனால் தொடக்கம் பெரும்பாலும் எண்ணத்தில் அல்ல, செயலில்தான்: கைவிட்ட வேலைகளில் சிறிய ஒன்றை, மனம் வரும்வரை காத்திராமல், குறித்த நேரத்தில் செய்வது.

மாத்திரை பற்றி நேரில் பார்த்தே முடிவு செய்ய முடியும். தைராய்டு, ரத்தசோகை சோதனைகளை முதலில் செய்துகொள்ளுங்கள். லேசான மனச்சோர்வுக்குப் பேச்சுவழிச் சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கலாம்; கடுமையானதற்கு மருந்தும் அதுவும் சேர்வதே பலன் தரும். மூன்று மாதத் தூக்கக்கேட்டையும் விழிக்காமல் போக வேண்டும் என்ற எண்ணத்தையும் பார்க்கையில், மருந்தே வேண்டாம் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடாமல் இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். மருந்தின் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அதற்குள் பயனில்லை என்று விட்டுவிடக் கூடாது. தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடர வேண்டும். நிறுத்தும் நேரத்தையும் வேகத்தையும் மருத்துவரே சொல்வார்.