பளபளப்பை நீக்கினால் தோலுக்குள் என்ன தெரியும்? தளவிளைவு ஒளி பற்றிய கேள்வி பதில்

கே: தோலைப் படமெடுத்தால் வெறும் பளபளப்புதான் தெரிகிறது. போலரைசர் (ஒளியை ஒரே தளத்தில் அதிரும் ‘தளவிளைவு ஒளி’யாக்கும் ஃபில்டர்) போட்டால் சரியாகுமா சார்?

ப: ஆகும். விழும் ஒளியில் 4, 5 சதவீதம் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். கூசவைப்பது அதுதான், அதன் அதிர்வுத் தளம் மாறுவதில்லை. உள்ளே போன ஒளியோ கொலாஜன் இழைகளில் பலமுறை சிதறி, தளத்தைத் தொலைத்துவிட்டு வெளியே வரும். விளக்கின் முன் ஒரு போலரைசர், லென்சின் முன் அதற்குச் செங்குத்தாக இன்னொன்று வைத்தால் பளபளப்பு நின்றுவிடும்; இரத்தக் குழாய்களும் நிறமியும் துலங்கும். இணையாக வைத்தால் சுருக்கங்கள் எடுப்பாகத் தெரியும். ஆனால் வெளிச்சம் கால்வாசிக்கும் கீழே போய்விடும், மறக்க வேண்டாம்.

கே: போலராய்டு கூலிங் கிளாஸை லென்சில் வைத்தால் போதாதா?

ப: விளக்குக்கும் ஒன்று வேண்டும்.

கே: இரண்டு சிபிஎல் ஃபில்டர் (கேமராவுக்கான வட்டப் போலரைசர்) வாங்கினேன். எப்படித் திருப்பினாலும் பளபளப்பு போகவில்லை.

ப: விளக்கில் இருப்பதைப் பின்பக்கமாக மாட்டியிருப்பீர்கள். அதில் முன்பக்கம் போலரைசர், மரைப்பக்கம் கால் அலைத் தகடு; ஒரே தளத்தில் அதிரும் ஒளியை (நேர்த் தளவிளைவு) அதிர்வு சுழலும் ஒளியாக (வட்டத் தளவிளைவு) மாற்றுவது அதுதான். மரை விளக்கைப் பார்க்க வேண்டும். தோலுக்குப் பதில் ஒரு நாணயத்தை வைத்து ஃபில்டரை மெல்லத் திருப்புங்கள். அதில் தெரியும் விளக்கின் பிம்பம் கறுத்துப்போனால் சரி.

கே: வட்டத் தளவிளைவு ஒளிதானே திசுவில் ஆழமாகப் போகும்? முந்தைய கேள்வி கேட்டவர் பின்பக்கமாக மாட்டியதே நல்லது!

ப: ஆழமாகப் போகாது. அலைநீளத்தைவிடப் பெரிய துகள்களில் அது தன் தளவிளைவை அதிகச் சிதறல்கள் வரை காப்பாற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். மிகச் சிறிய துகள்களில் நேர்த் தளவிளைவு தாக்குப்பிடிக்கும். திசுவில் இரண்டும் உண்டு.

கே: அப்போ அவருக்குப் பளபளப்பு போயிருக்கணுமே?

ப: லென்சில் இருந்ததை அவர் சரியான பக்கமாகத்தானே மாட்டியிருந்தார்! ஒரே வகை ஃபில்டர் இரண்டையும் பின்பக்கமாக மாட்டினால் போகும். பட்டுத் திரும்பும்போது வட்டத்தின் சுழற்சி மாறிவிடும், அதே ஃபில்டர் அதை விடாது. திருப்பிப் பார்க்கும் வேலைகூட இல்லை. வாதத்தில் பாதி உங்களுக்கு.

கே: கூலிங் கிளாஸ் ஒன்று மட்டும்...

ப: மேலே பாருங்கள்.

கே: தளவிளைவு டெர்மாஸ்கோப் (தோலைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) இருக்கும்போது, எண்ணெய் தடவிப் பார்க்கும் பழையது எதற்கு?

ப: மின்னும் வெள்ளைக் கோடுகள் தளவிளைவில்தான் தெரியும், மிலியா போன்ற வெண்புள்ளிகள் பழையதில்தான் நன்றாகத் தெரியும். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: என் மச்சத்தின் படம் அனுப்பவா?

ப: வேண்டாம். தோல் மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.

கே: தோலைத் தவிர வேறு எங்கே உதவும்?

ப: நாக்கின் அடியில். 1999இல் வந்த ஓபிஎஸ் முறையில் (செங்குத்துத் தளவிளைவுப் படமெடுப்பு) 548 நானோமீட்டர் பச்சை ஒளி. ஹீமோகுளோபின் அதை உறிஞ்சிக்கொள்வதால், நுண்குழாய்களில் சிவப்பணுக்கள் கறுப்பாக வரிசையில் ஓடுவது சாயம் ஏற்றாமலே தெரியும்.