பாக்டீரியா சைட்டோஸ்கெலிட்டன்: கேள்விய போடுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கே: சைட்டோஸ்கெலிட்டன், அதாவது செல்லுக்குள்ள இருக்குற புரோட்டீன் எலும்புக்கூடு, பாக்டீரியாவுக்கு கிடையாதுன்னுதானே சார் படிச்சோம்?

ப: பழைய புக்ல அப்படித்தான் இருக்கும். 1991ல ஈ.கோலைங்கிற குடல் பாக்டீரியா நடுவுல எஃப்டிஎஸ்-இசட்ங்கிற புரோட்டீன் வளையமா கூடுறத பார்த்தாங்க, அது நம்ம செல்லோட சைட்டோஸ்கெலிட்டன்ல இருக்குற டியூபுலின் புரோட்டீனுக்கு சொந்தம். எம்ஆர்இ-பிங்கிற இன்னொரு பாக்டீரியா புரோட்டீன், நம்மகிட்ட இருக்குற ஆக்டினுக்கு சொந்தம்னு 2001ல உறுதியாச்சு.

கே: அப்போ செல்ல தாங்கிப் பிடிக்கறது இதுங்கதானா?

ப: இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. உள் அழுத்தத்த தாங்குறது செல் சுவர்தான், எம்ஆர்இ-பி பாக்குறது மேஸ்திரி வேலை, அடுத்த கல் எங்க போகணும்னு காட்டுறது. மெம்பிரேனுக்கு அடியில துண்டு துண்டா ஒட்டிக்கிட்டு செல்லோட குறுக்கால சுத்தி வரும், சுவர் கட்டுற என்சைமும் கூடவே போகும். முன்னாடி செல் முழுக்க ஒரே சுருளா கிடக்குன்னு நினைச்சாங்க, தனித்தனி துண்டுன்னு 2011லதான் தெளிவாச்சு. கூத்து என்னன்னா, மேஸ்திரிய நகத்துறதே அந்த கட்டுமானம்தான், மருந்து போட்டு சுவர் வேலைய நிறுத்தினா இவரும் நின்னுடுவாரு. ஏ22ங்கிற கெமிக்கல் போட்டு எம்ஆர்இ-பிய கலைச்சு விட்டா குச்சியா இருந்த ஈ.கோலை உருண்டையாயிடும், ஆனா உடனே இல்ல, புது சுவர் கண்ட இடத்துல சேரச் சேரத்தான்.

கே: அந்த எஃப்டிஎஸ்-இசட் வளையம் கரெக்டா நடுவுல எப்படி வருது?

ப: எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் இது! மின்-சி, மின்-டின்னு ரெண்டு புரோட்டீன் செல்லோட ஒரு முனையில போய் கூடும், மின்-இங்கிற மூணாவது புரோட்டீன் வந்து கிளப்பி விடும், எதிர் முனைக்கு ஓடும், அங்கயும் துரத்தும், இப்படி போய் வர ஒரு நிமிஷம் பக்கம் ஆகும். மொத்தத்துல நடுவுலதான் மின்-சி கம்மி, அது கம்மியா இருக்குற இடத்துலதான் வளையம் கூடும். இந்த செட்டப் இல்லாத மியூட்டன்ட்ல முனையிலயே வெட்டு விழுந்து டிஎன்ஏ இல்லாத மினிசெல் வந்து விழும்.

கே: வளையம் இறுக்கித்தான் ரெண்டா வெட்டுதா?

ப: அது எவ்வளவு இழுக்குதுங்கிற சண்டை இன்னும் ஓயல. எஃப்டிஎஸ்-இசட் இழை ஒரு நுனியில சேரும், மறு நுனியில உதிரும், அதான் ட்ரெட்மில்லிங், என்சைமெல்லாம் அதோட சுத்தி வந்து குறுக்குச் சுவர உள்நோக்கி கட்டும்னு 2017ல காட்டினாங்க. பேசில்லஸ் சப்டிலிஸ்ங்கிற பாக்டீரியால இந்த வேகத்த கூட்டினா பிரியறதும் வேகமாகுது, ஈ.கோலைல அப்படி ஆகல.

கே: எல்லா கிருமிக்கும் இதே கதைதானா?

ப: சேச்சே. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், டிபி கிருமி ரெண்டுக்கும் எம்ஆர்இ-பி கிடையாது, டிபி கிருமி முனையில வளரும், அதுக்கு வேற புரோட்டீன். கிளமிடியாவ எடுத்தா எஃப்டிஎஸ்-இசட்டே இல்ல, எம்ஆர்இ-பிய வச்சே பிரிஞ்சு சமாளிச்சுக்குது.