நாய் பாத்துக்குற பையனுக்கு பாஸ் இருக்கு, அப்பாவுக்கு இல்லையா?

கேள்வி: அம்மா, நான் மேற்கு மாம்பலத்துல பொறந்து வளந்தவ, வயசு 41. மூணு வருஷமா ஈஞ்சம்பாக்கத்துல ஒரு கேட்டட் கம்யூனிட்டில வில்லா வாங்கி இருக்கோம். கடல் நடந்து போற தூரம்தான், ஆனா கடைசியா எப்ப போனோம்னே ஞாபகம் இல்ல. எனக்கு கிண்டில ஆபீஸ், அவருக்கு சோழிங்கநல்லூர், பசங்க ஸ்கூல் வேன்ல போயிடுவாங்க. பக்கத்து வில்லால யார் இருக்காங்கன்னு கூட தெரியாது. சமையல் அக்கா, டிரைவர், நாயை வாக்கிங் கூட்டிட்டு போற பையன் எல்லாருக்கும் கேட்ல யாரை உள்ள விடணும்னு சொல்ற ஆப்ல பாஸ் போட்டு வெச்சிருக்கேன், எந்த வசதிக்கும் குறை இல்ல, ஆனா சாயங்காலம் ஆனா அழுகையா வருது. அம்மா இல்ல. அண்ணன் அமெரிக்கால. அப்பா மாம்பலத்துல தனியா இருக்காரு, 74 வயசு, தினமும் அயோத்தியா மண்டபம் வரைக்கும் நடந்து போயிட்டு வருவாரு. முன்னாடி சனிக்கிழமைல இங்க வருவாரு, ஒரு தடவை நான் ஆபீஸ் போன் கால்ல இருந்ததால ஆப்ல அப்ரூவ் பண்ண லேட் ஆயிடுச்சு, வாட்ச்மேன் கேட்லயே நிக்க வெச்சுட்டாரு, அதுக்கப்புறம் வர்றதில்ல, வயசாயிடுச்சு இல்லையா. வில்லாவ வித்துட்டு டவுனுக்கே போயிடலாமா, இல்ல நான் கவுன்சிலிங் போகணுமா?
- பேர் வேண்டாம், ஈஞ்சம்பாக்கம்

பதில்: என் பொண்ணு வயசு உனக்கு, அதனால நீன்னே எழுதுறேன், கோச்சுக்காதே.

நீலாங்கரைலேர்ந்து உத்தண்டி வரைக்கும் இதே லெட்டர்தான் ஆள் மாத்தி ஆள் எனக்கு எழுதுறாங்க. உப்புக்காத்துல ஏசி அவுட்டோர் யூனிட் அரிச்சுப் போச்சு, கேட் கீல் துருப்பிடிச்சுப் போச்சு, வெயில் காலம் வந்தா தண்ணி லாரிக்கு போன் போட்டு போன் போட்டு கை ஓஞ்சு போச்சு, பகிங்ஹாம் கால்வாய்க்கு அந்தப் பக்கம் மொட்டைமாடிலேர்ந்து ஓஎம்ஆர் ரோட்டு ஐடி பில்டிங் கண்ணுல தெரியுது ஆனா கார்ல அங்க போகணும்னா அக்கரை வரைக்கும் போய் லிங்க் ரோட்ல திரும்பி சோழிங்கநல்லூர் சிக்னல்ல தவம் கிடக்கணும், சனி ஞாயிறுன்னா மகாபலிபுரம் போற கூட்டம் ரோட்டை அடைச்சுக்கும், வீட்ட விட்டு வெளிய வரவே முடியாது. எல்லாம் நிஜம். ஈஞ்சம்பாக்கம் 2011 வரைக்கும் தனி பஞ்சாயத்து, அதுக்கப்புறம்தான் சென்னை மாநகராட்சில சேந்துச்சு, மணல் பூமி, கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணி வந்த இடம், ஆளுக்கொரு போர்வெல் போட்டு உறிஞ்சினதுல பல இடத்துல உப்பு ஏறிப்போச்சு. இதெல்லாம் விசாரிக்காம வாங்கிட்டு அப்புறம் எனக்கு எழுதினா நான் என்ன பண்ண முடியும்?

ஆனா உன் லெட்டர்ல தண்ணியும் இல்ல டிராஃபிக்கும் இல்ல. அதுல இருக்குறது ஒரே ஒரு வரி, அதையும் நீ ஏதோ சொல்லணுமேன்னு சொல்லிட்டு தாண்டிப் போயிட்ட. "அதுக்கப்புறம் வர்றதில்ல, வயசாயிடுச்சு இல்லையா."

எது வயசாயிடுச்சு? தினமும் மண்டபம் வரைக்கும் நடந்து போறாருன்னு நீயேதான் அதுக்கு முந்தின வரில எழுதியிருக்க. அந்த மனுஷன் இத்தனை நாளா உன் வீட்டுக்கு எப்படி வந்தாருன்னு யோசிச்சியா? பறக்கும் ரயில் திருவான்மியூரோட சரி, அங்கேர்ந்து தரமணி பக்கம் திரும்பிடும், உன் வீடு இருக்குற ஈசிஆர் கடற்கரை ரோட்ல ரயிலும் கிடையாது மெட்ரோவும் கிடையாது. நீ கார் அனுப்பினதா ஒரு வார்த்தை இல்ல, அதனால பஸ் மாறி, திருவான்மியூர்ல இறங்கி, ஷேர் ஆட்டோல இடிபட்டு, அவ்ளோ வேகமா வண்டி போற ரோட்டை கிராஸ் பண்ணி வந்திருப்பாரு. கைல ஒரு பையும் இருந்திருக்கும், வெறுங்கையோட மக வீட்டுக்கு வர்ற அப்பாவ நான் பாத்ததில்ல. அவ்ளோ தூரம் வந்தவர முட்டி வலி நிறுத்தல, உன் கேட் நிறுத்திச்சு.

எவ்ளோ நேரம் நின்னாருன்னு நீ எழுதல. உனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறேன், ஏன்னா நீ கேட்டிருக்க மாட்ட. உக்கார நாற்காலி குடுத்தாங்களா, வெயில்லயே நின்னாரா, "யாரைப் பாக்கணும்"னு அந்த வாட்ச்மேன் கேட்டப்ப "என் பொண்ண"ன்னு சொல்லிட்டு ஒருத்தர் நிக்குறது எப்படி இருக்கும்? வாட்ச்மேன குத்தம் சொல்லாதே, அவரு சம்பளத்துக்கு வேலை பாக்குறாரு, ரூல் போட்டது உங்க அசோசியேஷன். அதே ஆப்ல நாய் பாத்துக்குற பையனுக்கு பாஸ் போடத் தெரிஞ்சிருக்கு உனக்கு. அவன் தினம் வர்றான், அவன நிறுத்தினா உன் வேலை கெடும், அதனால ஞாபகம் வந்துச்சு. அப்பாவ நிறுத்தினா உனக்கு எதுவும் கெடலையே. கோவம் வருதா? வரட்டும்.

சரி, அப்ப அப்பாவ இங்கயே கூட்டிட்டு வந்து வெச்சுக்கறேன்னு கிளம்பிடாதே, உன்ன மாதிரி பொண்ணுங்க அடுத்து அதத்தான் செய்வீங்க. கடல் தெரியுற ரூம் குடுப்ப, டிவி மாட்டி விடுவ, அவரு பேப்பர் வாங்கக்கூட கால்நடையா போக முடியாம பால்கனில உக்காந்து நீ எப்ப வருவன்னு பாத்துட்டு இருப்பாரு. மாம்பலத்துல அவருக்கு காய் வாங்க ஸ்டேஷன் ரோடு இருக்கு, கூட உக்காந்து பேச நாலு பேர் இருப்பாங்க, காலைல காப்பிக்கு ஒரு இடம் இருக்கும். அவர அங்கேர்ந்து பேத்து எடுக்குறது வளந்த மரத்த வேரோட பிடுங்கி தொட்டில வைக்குற மாதிரி.

நீ போகணும். உனக்கு ஆபீஸ் எங்கன்னு சொன்ன? கிண்டி. கிண்டி ஸ்டேஷன்ல ஏறினா அடுத்தது சைதாப்பேட்டை, அதுக்கடுத்து மாம்பலம். ரெண்டாவது ஸ்டேஷன்ல அப்பா இருக்காரு, நீ தினமும் சாயங்காலம் அதுக்கு எதிர்பக்கம் காரத் திருப்பி அடையாறு திருவான்மியூர் எல்லாம் ஊர்ந்து தாண்டி, பக்கத்து வீட்டுக்காரி பேர் தெரியாத ஒரு தெருவுக்குள்ள போய் அழுதுட்டு இருக்க. மூணு வருஷமா! இத படிச்சதும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சமில்ல.

அண்ணன் அமெரிக்காலன்னு எழுதியிருக்க பாரு, அத எதுக்கு எழுதினன்னும் எனக்குப் புரியுது. பையன் பாக்கணும், நான் கட்டிக்குடுத்த பொண்ணுதானேன்னு ஒரு நினைப்பு உள்ள ஓடுது. என்கிட்ட அது செல்லாது. பெத்தவங்களப் பாத்துக்குற கடமைல ஆண் பெண் வித்தியாசம் கிடையாதுங்குறது என் கொள்கை, பெற்றோர் பராமரிப்புக்குன்னு 2007ல வந்த சட்டம் கூட பிள்ளைகள்னா மகளும் சேத்திதான்னு சொல்லுது. அண்ணன் காசு அனுப்பலாம், வீடியோ கால் பண்ணலாம். ரயில்ல ரெண்டு ஸ்டேஷன் தள்ளி இருக்குறது நீ.

வர்ற வியாழக்கிழமை ஆபீஸ் முடிஞ்சு நேரா மாம்பலம் போ. நைட் அங்கயே தங்கு, காலைல அங்கேர்ந்தே ஆபீஸ் போ. பசங்கள உன் வீட்டுக்காரர் ஒரு நாள் பாத்துக்கட்டும், சோழிங்கநல்லூர் ஒண்ணும் சிங்கப்பூர் இல்ல. ஒரு வாரம் போயிட்டு விட்டுடாதே, ஒவ்வொரு வாரமும் போகணும். அந்த கேட் விஷயத்த நீயா எடுத்துப் பேசு, "சாரிப்பா"ன்னு சொல்லு, அவரு "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா"ன்னுதான் சொல்லுவாரு, அத நம்பிடாதே. அப்பவே அங்க உக்காந்து ஆப்ல அவர் பேர கெஸ்ட்லேர்ந்து எடுத்துட்டு குடும்பத்து ஆளா சேத்து விடு. சனிக்கிழமை டிரைவர அனுப்பு, வண்டி போய் கூட்டிட்டு வந்து, ராத்திரி கொண்டுபோய் விடட்டும். அவர் வந்தா அன்னிக்கு லேப்டாப் மூடி இருக்கணும், பசங்களயும் கூட்டிட்டு எல்லாருமா கடலுக்குப் போங்க. ஈஞ்சம்பாக்கம் குப்பத்துப் பக்கம் நடந்து பாரு, சாயங்காலம் வாசல்லயே உக்காந்து வலை சரிபண்ணிட்டு பேசிட்டு இருப்பாங்க, வழி கேட்டா வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போய் விடுவாங்க, ஆப் எதுவும் தேவைப்படாது.

வில்லாவ விக்குறது பத்தி இப்ப பேச வேண்டாம், விலை எங்கயும் ஓடிப் போகாது. பக்கத்து வில்லாக்காரிய பத்தியும் நான் கவலப்படல, நீயா ஒரு நாள் போய் கதவைத் தட்டினா பேசிட்டுப் போறா. கவுன்சிலிங் போறதா இருந்தா தாராளமா போ, அதுல ஒரு தப்பும் இல்ல, நிறைய பேருக்கு அது உதவியிருக்கு. வியாழக்கிழமை மட்டும் அப்பாயின்ட்மென்ட் வாங்கிடாதே.