கோத் தே பார் ஷாம்பெயின்: லேபிளில் எதைப் பார்ப்பது?

பிரான்ஸின் ஷாம்பெயின் பகுதியில் தெற்கே இருப்பது கோத் தே பார். அங்கிருந்து வந்த இரண்டு புட்டிகள் வாங்கியிருக்கிறீர்கள்; அவை சிறு விவசாயியே தயாரித்தவையா, சுவை ஏன் வேறாக இருக்கிறது என்று கேட்கிறீர்கள். ஊர்ப் பெயரை விடுங்கள், பொடி எழுத்தைப் பாருங்கள். இரண்டு புட்டிகளிலும் செல்-சூர்-உர்ஸ் என்று ஊர்ப் பெயர் இருப்பது வெறும் முகவரி. சிறு விவசாயியே தயாரித்தார் என்பதற்கு அது சான்றாகாது.

லேபிளின் ஓரத்தில் ஒரு பதிவு எண் இருக்கும். அதற்கு முன்னால் இந்த மூன்றில் ஒரு குறி இருக்கிறதா என்று பாருங்கள்:

1. ஆர்எம் (RM): தன் தோட்டத்துத் திராட்சையில் தானே தயாரிப்பவர்.
2. என்எம் (NM): திராட்சையை வெளியிலும் வாங்குபவர்.
3. ஆர்சி (RC): பெயர் விவசாயியுடையது, தயாரிப்பு கூட்டுறவுச் சங்கத்தினுடையது. உங்கள் குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஆனால் ஆர்எம் தர முத்திரை அல்ல. அருமையான சிறு தயாரிப்பாளர்கள் சிலர் அக்கம்பக்கத்தில் திராட்சை வாங்குவதற்காகவே என்எம் ஆகியிருக்கிறார்கள்.

சுவை வேறாக இருப்பதில் வியப்பில்லை. இங்கே பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சை அதிகம். மண்ணோ வடக்கு ஷாம்பெயினின் சாக்கட்டிச் சுண்ணாம்பல்ல, பக்கத்து ஒயின் பகுதியான ஷாப்லியில் இருக்கும் கிம்மெரிஜியன் மண், அதாவது களிமண் கலந்த சுண்ணாம்பு. இந்தப் பகுதியை ஷாம்பெயின் எல்லைக்கு வெளியே தள்ளப் பார்த்ததால்தான் 1911இல் இங்குள்ள விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். ஷாம்பெயின் என்ற பெயருக்கான முழு உரிமை 1927இல்தான் வந்தது.

நேரில் போவதானால் தயாரிப்பாளருக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அறுவடை நேரத்தில், அதாவது பெரும்பாலும் செப்டம்பரில், பதில் வராது.