புது மடக்குக் கத்தி கைக்குப் பழக, முதலில் மூடப் பழகுங்கள்

கேள்வி: அண்ணா, ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். இவ்வளவு நாளும் அப்பாவின் பழைய பேனாக்கத்திதான் பையில் இருந்தது. இப்போது மூன்று அங்குல அலகுள்ள, லைனர் லாக் (பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு ஒன்று திறந்த அலகைப் பூட்டி நிறுத்தும் முறை) வைத்த மடக்குக் கத்தி ஒன்று வாங்கியிருக்கிறேன். திறக்க இறுக்கமாக இருக்கிறது, மூடும்போது விரலை வெட்டிவிடுமோ என்று பயம், அதுவும் நான் இடது கைக்காரன். தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன், காலை நேரத்தில் இன்னும் இறுகிவிடுகிறது. அலகு சுழலும் அச்சின் ஸ்குரூவைத் தளர்த்திவிடலாமா?

பதில்: தளர்த்தாதீர்கள் தம்பி, இப்போதைக்கு அந்த ஸ்குரூ பக்கமே போக வேண்டாம். புதுக் கத்தியில் நீங்கள் உணரும் இறுக்கம் ஒன்றல்ல, இரண்டு. மூடியிருக்கும் அலகை முதலில் அசைக்கும்போது ஒரு தடை இருக்கும் பாருங்கள், அது வேண்டுமென்றே வைத்தது. லைனர் தகட்டில் ஒரு குட்டி உருண்டை பதித்திருப்பார்கள், அது அலகில் உள்ள குழியில் போய் உட்காரும். பாக்கெட்டுக்குள் கத்தி தானாகத் திறக்காமல் பிடித்து வைப்பது அதுதான், அதனால் அது இருந்தே ஆக வேண்டும். அந்தத் தடையைத் தாண்டிய பிறகும் அலகு உரசிக்கொண்டு மெதுவாக வந்தால் அது அச்சுக்கு இருபுறமும் உள்ள வாஷர்களின் உரசல், திறந்து மூட மூட அவை வழவழப்பாகி ஓட்டம் தானாகச் சீராகிவிடும். அதற்குள் ஸ்குரூவைத் தளர்த்தினால் அலகு பக்கவாட்டில் ஆடத் தொடங்கும், ஆடுகிற அலகில் பூட்டும் சரியாக உட்காராது.

தேங்காய் எண்ணெய்தான் உங்கள் பாதித் தொந்தரவு. சேலத்தில் அது பாட்டிலில் நீர்போல ஓடும், ஆனால் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பிக்கும், ஏற்காட்டுக் காலைக் குளிருக்குக் கேட்கவே வேண்டாம். தவிர நாளாக ஆகப் பிசுபிசுத்து, பாக்கெட் பஞ்சையும் தோட்டத்துச் செம்மண் தூளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அச்சுப் பகுதியைக் கழுவி, நன்றாக உலரவைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டு, பத்து இருபது முறை திறந்து மூடி, கசிவதைத் துடைத்துவிடுங்கள்.

அப்புறம், மூடுவது. எல்லோரும் ஒரு கையால் சட்டென்று திறக்கத்தான் பழகுகிறார்கள், விரல் வெட்டுப்படுவது பெரும்பாலும் மூடும்போது. உங்கள் அப்பாவின் பேனாக்கத்தியில் பூட்டு கிடையாது, முதுகில் உள்ள வில் அழுத்தம்தான் அலகை நிறுத்தி வைக்கும், முதுகைத் தள்ளினால் மடங்கிவிடும், அந்த நேரத்தில் விரல் எதுவும் அலகின் பாதையில் இருக்க வேண்டியதே இல்லை. லைனர் லாக்கில் அப்படியில்லை. தகட்டை விலக்க ஒரு விரல் பிடிக்குள்ளே, சரியாக அலகு வந்து விழும் வழியில் போயாக வேண்டும். பழைய கையின் வேகத்தோடு இதை மூடினால் ஆபத்து.

பெரும்பாலான லைனர் லாக் வலது கைக்கு வார்த்தது, வலது கைக்காரர் கட்டைவிரலால் தள்ளும் தகட்டை நீங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் தள்ள வேண்டியிருக்கும். ஆகவே இரண்டு கையாலும் மூடுங்கள். பிடி இடது கையில், ஆள்காட்டி விரலால் தகட்டைத் தள்ளிக்கொண்டே வலது கையால் அலகின் முதுகைப் பிடித்துக் கொஞ்சம் மட்டும் மடக்குங்கள். அலகு தகட்டைத் தாண்டியதும் நிறுத்தி, உள்ளே இருக்கும் விரலை வெளியே எடுங்கள், பிடியைப் பிடித்த மற்ற விரல்களும் அலகு வந்து விழும் பள்ளத்துக்கு வெளியே இருக்கின்றனவா என்று பாருங்கள், பிறகு முதுகைத் தள்ளி மூடுங்கள். அந்த இடைநிறுத்தம்தான் கைக்குள் இறங்க வேண்டிய பழக்கம். தினம் இரவு சாப்பிட்ட பிறகு, கூரின் மேல் மாஸ்கிங் டேப் ஒரு மடி ஒட்டி, மேஜையில் உட்கார்ந்து செய்யுங்கள், மடியில் வைத்து வேண்டாம். கத்தி கைதவறினால் பிடிக்கப் போகாதீர்கள், விழட்டும். பார்க்காமலே விரல் தானாக விலகும் அளவுக்கு வந்தபின் டேப்பை எடுத்துவிடலாம்.

பூட்டு இருக்கிறதே என்று முதுகில் பலம் கொடுக்காதீர்கள். டப்பா மூடியை நெம்புவது, முதுகால் தட்டுவது எல்லாம் பூட்டை விலகவைக்கும். காபிச் செடிக் கவாத்துக்கும் இது ஆகாது, அதற்கு கவாத்துக் கத்தரி இருக்கிறது. சாக்குத் தைத்த சணல், மிளகுக் கொடி கட்டும் கயிறு, பார்சல், ஆரஞ்சு, இவற்றுக்கு இந்த அளவு தாராளம். ஆரஞ்சு வெட்டினால் உடனே துடையுங்கள், ஸ்டெயின்லெஸ் என்றாலும் புளிப்பு அப்படியே காய்ந்தால் கறை விழும். பலா வெட்டுவதாக இருந்தால் அலகில் முதலில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், பால் அச்சுக்குள் போய்க் காய்ந்துவிட்டால் இப்போதுள்ள இறுக்கமே தேவலை என்று ஆகிவிடும்.

எப்போதும் ஒரே பாக்கெட்டில், ஒரே திசையில் வையுங்கள், சாவியோடு சேர்க்காதீர்கள். பாக்கெட்டில் மாட்டும் கிளிப்பை இடது பக்கத்துக்கு மாற்ற ஸ்குரூத் துளை இருந்தால் முதல் வேலையாக மாற்றிவிடுங்கள்.

ஒரு மாதம் கழித்தும் இடது கைக்கு ஒத்துவரவில்லை என்றால் பூட்டு வகையையே மாற்றலாம். பிரான்சின் ஒப்பினெல் கத்தியில் 1955 முதல் வளையத்தைத் திருப்பிப் பூட்டுவது உண்டு, எந்தக் கைக்கும் ஒன்றுதான், மூடும்போது விரலும் உள்ளே போக வேண்டாம். ஆனால் பிடி மரம், ஏற்காட்டு மூடுபனியிலும் மழையிலும் ஈரம் குடித்து உப்பி அலகை இறுக்கிவிடும். வாங்கினால் கார்பன் எஃகு வேண்டாம், ஸ்டெயின்லெஸ் அலகாகப் பார்த்து எடுங்கள், இல்லையென்றால் துருவோடு தினமும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, சொல்லிவிடுகிறேன். 2016 ஆயுத விதிகளின் பட்டியலில் வருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் ஆனவை அதிலும் விலக்கு. உங்களுடையது அந்த அளவில் பாதிகூட இல்லை. இருந்தாலும் கோர்ட், திருவிழாக் கூட்டம் போன்ற இடங்களுக்கு எடுத்துப் போகாதீர்கள். சேலம் விமான நிலையம் உள்ள காமலாபுரத்தில் விமானம் ஏறும் நாளில் கைப்பையிலும் பாக்கெட்டிலும் தேடிப் பார்த்து, செக்-இன் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.