ரெகே இசையும் டேவிட் ரோடிகனும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வானொலி நேயர் ஒருவர்: பார்வைக்குப் பள்ளி ஆசிரியரைப் போலிருக்கும், எழுபதைக் கடந்த பிரிட்டிஷ் ஒலிபரப்பாளர் ரோடிகனை, ஜமைக்காவில் பிறந்த ரெகே இசையின் உலகம் ஏன் இவ்வளவு மதிக்கிறது?

பதில்: ரோடிகன் 1951-இல் ஜெர்மனியின் ஹனோவரில், பிரிட்டிஷ் ராணுவ வீரரின் மகனாகப் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் வளர்ந்தவர். பிறப்பால் ஜமைக்காவோடு அவருக்கு எந்த உறவும் இல்லை. பதின்ம வயதில், ரெகேக்கு முன்னோடியான ஸ்கா இசையிடம் மனத்தைப் பறிகொடுத்தவர், 1978-இல் பிபிசி ரேடியோ லண்டனிலும் அடுத்த ஆண்டு கேப்பிட்டல் ரேடியோவிலும் ரெகே நிகழ்ச்சி நடத்தத் தொடங்கினார். ஆயினும் வானொலி தந்தது புகழ்தான். மதிப்பை அவர் சவுண்ட் கிளாஷ் எனும் இசைமோதல் மேடையில், ஜமைக்கர்கள் வகுத்த விதிகளுக்கு உட்பட்டு அவர்களோடே மோதிச் சம்பாதித்தார் என்பதே என் கணிப்பு.

கல்லூரி மாணவி ஒருவர்: சவுண்ட் கிளாஷ் எப்படி நடக்கிறது?

பதில்: 1950-களில் ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டன் தெருக்களில் பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி நடனக் கூட்டங்களை நடத்திய சவுண்ட் சிஸ்டம் குழுக்களின் போட்டியிலிருந்து வளர்ந்த வழக்கம் இது. இரு தரப்பினரும் மாறி மாறிப் பாடல்களை ஒலிக்கவிட, எதிராளி போட்டுவிட்ட பாடலை மறுபடி போடுபவர் மானமிழக்க, கூட்டத்தின் ஆரவாரமே தீர்ப்பாகிறது. இங்கே டப்பிளேட்தான் பெரிய ஆயுதம். புகழ்பெற்ற பாடகர், தம் பாடலின் வரிகளை மாற்றி, அந்த டிஜேயின் பெயரைச் சொல்லிப் பாடித்தரும் தனிப்பதிவு அது, வேறெவரிடமும் இருக்காது. முன்பு அவை அசிடேட் எனும் மென்மையான இசைத்தட்டுகளில் வெட்டப்பட்டன. சில டஜன் முறை ஒலித்தாலே தேய்ந்துவிடும் தட்டுகள் அவை. பாடகரே பாடித்தர வேண்டியவை என்பதால், ரோடிகனின் டப்பிளேட் சேகரிப்பு வெறும் பணத்தால் ஆனதன்று, பாடகர்களோடு பல ஆண்டுகளாகப் பேணிய நட்பால் ஆனது. 2012-இல் நியூயார்க்கில் நடந்த உலகப் போட்டியில் அவர் வென்றபோது வயது அறுபதை எட்டியிருந்தது.

இன்னொருவர்: அவர் நடிகரும்கூட என்கிறார்களே?

பதில்: ஆம், நடிப்பை முறையாகப் பயின்றவர்; 1986-இல் ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரிலும் தோன்றினார். பாடலுக்கு முன் அவர் கதை சொல்லும் விதத்தில் அந்தப் பயிற்சி தெரியும்.

மூத்த வாசகர் ஒருவர்: கிஸ் எஃப்எம் நிலையத்தை விட்டு ஏன் விலகினார்?

பதில்: 1990 முதல் பணியாற்றிய அந்த நிலையம் ரெகேயை நள்ளிரவு நேரத்துக்கு ஒதுக்கியதை ஏற்க முடியாமல், 2012-இல் விலகினார். அதே ஆண்டின் புத்தாண்டு கௌரவப் பட்டியலில்தான், ஒலிபரப்புப் பணிக்காக அவருக்கு எம்பிஇ என்ற பிரிட்டிஷ் அரச விருது அறிவிக்கப்பட்டிருந்தது. பின்னர் பிபிசி வானொலிகளில் ரெகே நிகழ்ச்சிகளைத் தொடர்ந்தார்.