வட்டத்துக்குள் புள்ளி இருக்கிறதா? இன்டெக்ரேஷன் கேள்வி பதில்

எக்ஸ்-கதிர் படிகப் படங்களில் ஒவ்வொரு புள்ளியின் செறிவையும் அளக்கும் இன்டெக்ரேஷன் பிழையில்லாமல் முடிந்தது. அப்புறமும் படங்களைத் திறந்து பார்க்க வேண்டுமா?

கட்டாயம். ஓடி முடிந்தது என்றால் ஓடி முடிந்தது, அவ்வளவுதான். எக்ஸ்டிஎஸ் மென்பொருள் தரும் ஃப்ரேம்.சிபிஎஃப் கோப்பு, புள்ளிகள் விழும் என்று கணித்த இடங்களைக் கடைசிப் படத்தின்மேல் வட்டமிட்டுக் காட்டும். டயல்ஸ் என்ற இன்னொரு மென்பொருளின் படக்காட்டியில் எந்தப் படத்தையும் இப்படிப் பார்க்கலாம். முதல் படம், நடுப் படம், 90 டிகிரி திரும்பிய படம் என்று தாவித் தாவிப் பாருங்கள். பாதியில் படிகம் நழுவியிருந்தால் முதல் படத்தில் தெரியவே தெரியாது.

நிறைய வட்டங்கள் காலியாக இருக்கின்றன சார்.

வெளி ஓரத்தில் மட்டும் காலியென்றால் விடுங்கள், அங்கே சிதறல் பலவீனம். நடுவிலும் காலியென்றால் ஒரே ஒரு புள்ளியைப் பெரிதாக்கிக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். புள்ளி 2 படங்களில் மறைந்த பிறகும் வட்டம் 5 படம் வரை நிற்கிறதா? மொசைசிட்டி (படிகத்தின் ஒழுங்கு எவ்வளவு சிதறியிருக்கிறது என்ற அளவு) மதிப்பு கூடிப்போயிருக்கிறது. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை காலியா? அலகுக்கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைப் பெட்டியின்) ஒரு பக்கம் இரு மடங்காக எடுக்கப்பட்டிருக்கலாம். ஆனால் அவசரப்பட்டுப் பாதியாக்காதீர்கள். அந்த வரிசையில் மங்கலாக ஏதாவது இருந்தால், அது போலி இடப்பெயர்ச்சிச் சமச்சீராகவும், அதாவது ஒரே கூட்டுக்குள் மூலக்கூறு கிட்டத்தட்ட அரைப் பக்கம் தள்ளி மறுபடி வருவதாகவும், இருக்கலாம்.

எனக்கு நேர்மாறு. நல்ல புள்ளிகளுக்கு வட்டமே இல்லை.

இன்னொரு படிகம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். 3.90, 3.67, 3.44 ஆங்ஸ்ட்ராம் வளையங்களில் மட்டும் இருந்தால் அது பனிக்கட்டி.

வட்டங்கள் கச்சிதமாகப் பொருந்துகின்றன. ஆனால் ஆர்-மெர்ஜ் (ஒத்துப்போக வேண்டிய செறிவுகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்ற அளவு) 50 சதவீதம்!

படம் ஏமாற்றும் இடம் இதுதான். கற்றை மையம் (நேர்க்கற்றை படத்தில் விழும் இடம்) ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் உள்ள இடைவெளி அளவு தள்ளியிருந்தால், புள்ளிகளுக்குத் தரும் எண் குறியீடுகள் எல்லாம் ஒன்று மாறிப்போகும். வட்டம் அப்போதும் புள்ளியின்மேலேயே உட்காரும், சமச்சீர் ஜோடிகள் மட்டும் ஒத்துப்போகாது. கோப்பின் தலைப்பிலிருந்த மையத்தை நம்பி நான் 2 நாள் வேறு வேறு இடக்குலங்களை (படிகச் சமச்சீர் வகைகளை)த் துரத்தியிருக்கிறேன். பனி வளையமோ பொடி வளையமோ இருந்தால் அதன் மையத்தை அளந்து பாருங்கள். பீம்ஸ்டாப் (நேர்க்கற்றையைத் தடுக்கும் சிறு துண்டு) நிழலின் நடுவை நம்ப வேண்டாம், அது கற்றைக்கு நேராகத்தான் நிற்க வேண்டும் என்றில்லை.

எதிர்மறைச் செறிவுகளை நீக்கிவிடலாமா?

கூடாது. பின்னணியைக் கழித்தால், பலவீனமான புள்ளிகளில் சில பூஜ்ஜியத்துக்குக் கீழே போவது இயல்பு. அவற்றை மட்டும் வெட்டினால் மீதியின் சராசரி பொய்யாக ஏறிவிடும். 1978-இல் பிரெஞ்ச், வில்சன் என்ற இரு ஆய்வாளர்கள் தந்த முறை, எதிர்மறைச் செறிவுகளை வெட்டாமல் கையாள்வதற்காகவே இருக்கிறது.